கருப்பு இல்லாமல் ஆடிய நாட்கள்

ஒரு சேலைப் பெட்டி. எங்கள் விசைத்தறிக் கூடத்தில் நெய்த சேலைகளை மடித்து வைத்து அனுப்புகிற சாதாரண அட்டைப் பெட்டிதான். அதற்குள் சேலைக்குப் பதிலாக, கையால் வரைந்து கையாலேயே வெட்டிய சீட்டுகள் ஐந்து கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு. என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "அக்கா, உங்களுக்குக் கலருதானே தொழிலு, ஒரு உதவி செய்வியளா?" என்று கேட்டாள். நான் அப்போது நூல்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். அரக்கு கேட்டால் செங்கல் நிறத்தை அனுப்பியிருந்தார் மனுஷன். "கொஞ்சம் பொறுட்டி, இவர ஒரு வழி பண்ணிட்டு வாரேன்" என்றேன்.

நிறம் என் தொழில் என்று அவள் சொன்னது எனக்கு ஐஸ் வைப்பதற்காக இல்லை. எங்கள் வீட்டின் பின்பக்கம் பன்னிரண்டு தறி ஓடுகிறது. நீளவாக்கில் ஏறும் பாவுக்கு எந்த நிறம், குறுக்கே ஓடும் ஊடைக்கு எந்த நிறம், கரைக்கு எது என்று முடிவு செய்வது நான்தான். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். கிளிப்பச்சைக்கு ஊதா வைத்தால் பாதி திரும்பி வரும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் எனக்கு நிறம் என்பது கண்ணோடு முடிந்தது. எடுப்பாக இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். ஒரு நிறத்துக்கு அவசரம் உண்டு, இன்னொன்றுக்குப் பொறுமை உண்டு, ஒன்றைக் கண்டு மற்றொன்று தன் நடையை மாற்றிக்கொள்ளும் என்பதையெல்லாம் என்னைவிட எட்டு வயது இளையவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சின்னவளுக்கு ஊர் வாசுதேவநல்லூர். படித்துவிட்டு பெங்களூரில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் விதி எழுதுகிற வேலையில் இருந்தாள். விளையாட்டுக்கு விதி எழுத ஒரு ஆளா, அதற்கு மாதாமாதம் சம்பளமா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இங்கிருந்தே வேலை பார்த்தாள். பிறகு கம்பெனிக்காரர்கள் நேரில் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். கொழுந்தனோ தறியை விட்டு நகர முடியாது. அவள் வேலையை விட்டாள். ஆனால் மூன்று வருடமாகத் தனக்கென்று ஒரு ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி அதைப் பார்க்கச் சம்மதித்து நாளும் குறித்துக் கொடுத்திருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்தே அவள் தன் வேலையைத் தொடரலாம். பிடிக்காவிட்டால் மூன்று வருடமும் அந்தச் சேலைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்க அவளுக்கு ஆள் வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தாள்.

ரம்மி மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். அத்தையும், அதாவது எங்கள் மாமியாரும், அப்படித்தான் நினைத்தார்கள். "வாக்கப்பட்டு வந்த வீட்ல உக்காந்து சீட்டாடுதாளே, நாலு பேரு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்று என்னிடம் வந்து முறையிட்டார்கள். இது வேறு மாதிரிச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு உயிரோ ஒரு வித்தையோ வரைந்திருக்கும். சிவப்பில் நெருப்பைத் தின்னும் பல்லிகள், பச்சையில் வேரால் நடக்கும் மனிதர்கள், நீலத்தில் கடலுக்கடியில் ஊர் கட்டியவர்கள், வெள்ளையில் மதில் காவலர்கள், கருப்பில் எலும்பும் சாம்பலுமாகச் சிலர். ஆடுகிறவருக்கு ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் இருபதையும் தீர்த்தால் ஜெயம். ஆனால் எந்தச் சீட்டையும் சும்மா இறக்கிவிட முடியாது. சிவப்புச் சீட்டை இறக்கச் சிவப்பு ஊற்று வேண்டும், நீலத்துக்கு நீல ஊற்று. அந்த ஊற்றுகளும் கட்டுக்குள்ளேயே கலந்து கிடக்கும் சீட்டுகள்தான்.

நமக்குத்தான் புத்தி குறுக்கே ஓடுமே! "ஏட்டி, அஞ்சு கலர்லயும் நல்ல நல்ல சீட்டாப் பொறுக்கி ஒரே கட்டாச் சேத்துட்டா யாரு என்னைய ஜெயிப்பா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "சேருங்கக்கா, ஆடிப் பாப்போம்" என்றாள். சேர்த்தேன். என் கையில் பச்சை ஊற்று மூன்று வந்து நிற்கிறது. இறக்க வேண்டிய சீட்டெல்லாம் நீலமும் வெள்ளையும். பாவு தறியில் ஏறி நிற்க, ஊடை நூல் லாரியில் வந்துகொண்டிருக்கும் கதைதான். நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே அவள் இரண்டே நிறத்தை வைத்து என்னை முடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சொன்னதை இன்றும் பல இடங்களில் நினைத்துக்கொள்கிறேன். "ஒரு கலரால என்ன முடியும்னு பாக்காதீங்கக்கா. அதால என்ன முடியாதுன்னு பாருங்க. அதுதான் அந்தக் கலரு."

அவளுடைய சிவப்பு வேகமாக அடிக்கும். ஆனால் அடித்து முடித்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது. நீலம் அடிக்கவே அடிக்காது; நீங்கள் செய்ய நினைப்பதை 'கிடையாது' என்று தடுத்துவிட்டு, சத்தமில்லாமல் சீட்டுச் சேர்க்கும். வெள்ளை மதில் கட்டிக் காயம் ஆற்றும். பச்சை மெதுவாக முளைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிவிடும். கருப்பு தன் உயிரையே கொடுத்துக் காரியம் சாதிக்கும். களத்தில் நிற்பதை நோய் வைத்து மொத்தமாகச் சாய்க்கும். இறந்துபோன சீட்டுகளை ஓரமாகக் குவித்து வைப்பதற்குப் 'போன கட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். அந்தக் குவியலிலிருந்து ஒன்றைத் திரும்பக் கூப்பிடுகிற சக்தி கருப்புக்கு மட்டும்தான் உண்டு. ஐந்தையும் வட்டமாக உட்கார வைத்து, பக்கத்தில் இருக்கும் இரண்டும் உறவு, எதிரே இருக்கும் இரண்டும் பகை என்று வகுத்திருந்தாள். பச்சைக்குப் பகை வெள்ளையும் கருப்பும். உறவு நிறங்கள் ஒரே கட்டில் ஒத்துப்போகும். பகை நிறங்கள் ஒன்றின் திமிரை ஒன்று அடக்கும்.

எனக்குச் சிவப்புதான் பிடித்தது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஐந்தாவது சுற்றிலேயே எல்லாவற்றையும் வீசிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன். அவள் நீலத்தை வைத்துக்கொண்டு பொறுமையாக என்னை உரித்தெடுப்பாள். தோற்ற கோபத்தில் நான் சீட்டைத் தூக்கிப் போட்டால், "எந்த எடத்துல கோவம் வந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்று நோட்டை எடுப்பாள். என் கோபத்தைக்கூட உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். இரண்டு வாரம் எட்டி நின்று பார்த்த அத்தை, "பச்ச குளிர்ச்சி, எனக்கு அதக் குடு" என்று ஒருநாள் தானாகவே வந்து உட்கார்ந்தார்கள். சீட்டாட்டம் என்ற பேச்சு அதோடு போயிற்று. அத்தையின் பச்சையிடம் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னவள் முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் முடியப் போகும் வேளையில் அது கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவள் மாடியறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அடுத்தது நல்லபடியாக வரும், இதைப் பற்றி நினைக்காதே, பேசாதே. நானும் அதைத்தான் சொன்னேன். வேறென்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வந்தவர்களில் ஒருத்தி அலமாரியில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அத்தையிடம் ஏதோ சொல்லிப் போனாள். அன்றைக்குச் சாயந்திரம் அத்தை அடுப்படிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "எலும்பும் சாம்பலுமா கெடக்கே, அந்தக் கருப்புக் கட்டு... வயித்துப் பிள்ளக்காரி ராவும் பகலும் அதையே வரஞ்சிட்டு இருந்தா. அத மட்டும் வெளிய போட்ரு தாயி" என்றார்கள்.

போட்டேன். அத்தை சொன்னார்கள் என்பதற்காக மட்டும் செய்தேன் என்று எழுதினால் அது பொய். நானும் பயந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்து, கருப்புக் கட்டை ஒரு பழைய துணியில் சுற்றி, தறிக்கூடத்தின் வேஸ்ட் நூல் மூட்டைக்குள் கையை விட்டு அடியில் திணித்தேன். அறுந்து விழும் நூலெல்லாம் சேர்கிற மூட்டை அது. ஒர்க்‌ஷாப்களில் எண்ணெய் துடைப்பதற்காக வெளியூருக்குப் போகும். பத்து மணிக்கு வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டது. அந்த வாரம் பூராவும் எங்கள் பன்னிரண்டு தறியில் நாலில் கருப்பு உடம்பும் சிவப்புக் கரையுமாகச் சேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை நெய்ய எனக்குப் பயமில்லை, விற்கப் பயமில்லை. முப்பது அட்டைத் துண்டுகள் மேல்தான் அவ்வளவு பயம். இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் கழித்துச் சின்னவள் எழுந்து வந்து பெட்டியைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்று பாவுக் கணக்குப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். நாலு கட்டைத்தான் வெளியே எடுத்தாள். பெட்டியின் காலி இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. "நாலு கலர வச்சே ஆடுவோம்க்கா" என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவளுக்கே அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது போல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆடினோம். அந்த இரண்டு வாரம் அந்த ஆட்டம் என் கண் முன்னாலேயே சீக்குப் பிடித்துக் கிடந்தது. அதுவரைக்கும் அத்தை பச்சையை வளர்த்தால் இரண்டு மூன்றானதும் சட்டென்று அனுப்பித் தாக்கிவிடுவார்கள். காரணம், கருப்பு யார் கையிலாவது இருந்து, நோய் வைத்து மொத்தத்தையும் சாய்த்துவிடும் என்கிற பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. வளர்த்தார்கள், வளர்த்தார்கள், வளர்த்துக்கொண்டே இருந்தார்கள். களத்தில் பதினொரு வேர் மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருத்தனைக்கூட அனுப்ப மனசு வரவில்லை. "என்னத்துக்கு அனுப்பணும்? போனா வராதே" என்பார்கள். சின்னவள் வெள்ளையை எடுத்தால் மதிலைக் கட்டிக்கொண்டே போவாள். என் சிவப்பு அந்த மதிலில் மோதி மோதி அணைந்துபோகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஆரம்பித்த ஒரு ஆட்டம் அடுப்புப் பற்ற வைக்கும் நேரம்வரை முடியவில்லை. யாரும் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. கருப்பை ஒருநாளும் கையில் தொடாத அத்தையைக்கூட இத்தனை நாளும் கருப்புதான் நடத்தியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லாத நிறம் எல்லா நிறத்தையும் கெடுத்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் ஓரத்தில் கிடக்கும் போன கட்டின்மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கும். அதில் நல்ல சீட்டு விழுந்தால், எவளாவது எழுப்பிவிடுவாளோ என்று கணக்குப் போடுவோம். இப்போது அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விழுந்தது விழுந்ததுதான். சின்னவள் மட்டும் தன் முறை வராத நேரமெல்லாம் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நோட்டை எடுப்பதை நிறுத்தியிருந்தாள். சென்னைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கருப்பு இல்லாமல் அந்த ஆட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் அரைமணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா?

பதினொரு நாள் பாக்கி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை. மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாள். தறி ஓடும்போது எங்கள் வீட்டில் கத்தினால்தான் பேச்சு. அன்றைக்கு அவ்வளவும் நின்று, தெருவில் போகிற சைக்கிள் சத்தம்கூடக் கேட்டது. சின்னவள் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஏட்டி, அந்தக் கருப்பு... நான்தான் எடுத்தேன். வேஸ்ட் மூட்டையில போட்டு அனுப்பிட்டேன்" என்றேன். அவள் கை நிற்கவில்லை. "தெரியும்க்கா" என்றாள்.

"தெரியுமா? பொறகு ஏன்ட்டி கேக்கல?"

"அத்த அந்தப் பெட்டியத் தானாத் தொறக்க மாட்டாங்க. ஒங்க கொழுந்தனுக்கு அது எங்கன இருக்குன்னே தெரியாது. வேற யாரு? மொதல்ல கோவத்துலதான் கேக்கல. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் அது இல்லன்னா ஆட்டம் எப்படிக் கெடும்னு பாக்கணும்போல இருந்துச்சு. பாத்துட்டேன்." அதுவரை நிதானமாகப் பேசியவள் சீட்டை மேஜையில் அறைந்தாள். "வயித்துல இருந்து போனதப் பத்திப் பேசாதங்கிய. நெனைக்காதங்கிய. எல்லாரும் சேந்து அது ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆக்கிட்டிய. சீட்டுலயாவது இருந்துச்சு, போனதக் கூப்பிடுததுக்கு ஒரு கலரு. அதையும் தூக்கிப் போட்டுட்டியளேக்கா."

நான் அழுதேன். அவள் அழவில்லை, ரொம்ப நேரம் என்னை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உரிமை அவளுக்கு உண்டு. மன்னித்தேன் என்றும் அவள் சொல்லவில்லை. என் அழுகை ஓய்ந்தபின், "அழுதா சீட்டு வராது. சேலப் பெட்டி அட்ட இருக்கா? கத்திரிக்கோல எடுத்துட்டு வாங்க" என்றாள். இதுதான் சின்னவள். அவளை நினைக்கும்போதெல்லாம் முதலில் எனக்கு ஞாபகம் வருவது இந்தக் குரல்தான்.

மற்ற நாலு நிறத்துக்கும் படம் எடுத்து லேப்டாப்பில் வைத்திருந்தாள். கருப்பை மட்டும் கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்ததால் எதையும் சேமிக்கவில்லை. விதிகள் நோட்டில் இருந்தன, படங்கள் போயேபோய்விட்டன. முதலிலிருந்து வரையவேண்டும். நான் அட்டை வெட்டினேன், வெட்டியதற்கு ஓரத்தில் கருப்பு மை பூசினேன். முதல் சீட்டுக்கு அவள் மறுபடியும் ஒரு மண்டையோட்டைக் கோடிழுக்க ஆரம்பித்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "கருப்புன்னா ஒனக்கு எலும்புதானா? நான் பொறந்த பனவடலிசத்திரத்துல எங்கய்யா வெதைக்குத காடு பூரா கருப்புதான்ட்டி. கரிசல். உள்ள போட்டதத் திருப்பிக் குடுக்குதது அதுதான" என்றேன். ஏதோ அங்கலாய்ப்பாகச் சொன்னதுதான். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஐந்து நிறத்தையும் வட்டமாக வைத்து, சிவப்பையும் கருப்பையும் இடம் மாற்றி வைத்தாள். கருப்பு இப்போது பச்சைக்குப் பக்கத்தில் உறவாக வந்தது. பச்சைக்குப் பகையாகச் சிவப்பு போய் உட்கார்ந்தது. "மூணு வருசமாத் தப்பான எடத்துல உக்கார வச்சிருக்கேன்க்கா. கரிசல்ல பச்சதான மொளைக்கும்? நெருப்புத்தான அதுக்குப் பக?" என்றாள். எலும்புகள் போயின. வெடித்துக் கிடக்கும் மண், விதைப்பெட்டி தூக்கிய பொம்பளைகள், மழைக்கு முந்திய இருட்டு என்று வரைந்தாள். போன கட்டிலிருந்து கூப்பிடுகிறவளுக்குக் கரிசல்காரி என்று பெயர் வைத்தாள். விலை மாறவில்லை. கூப்பிடுகிறவர் தன் உயிரில் மூன்றைக் கொடுக்கவேண்டும்.

பத்து நாளில் ஒரு நிறத்தையே இடம் மாற்றுவதென்றால் எத்தனை விதிகள் சாயும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் தூங்கினாளா என்றே தெரியவில்லை. பகலெல்லாம் நானும் அவளும் ஆடினோம், அத்தையும் வந்து சேர்ந்துகொள்வார்கள். என் சிவப்புக்கு வந்த புதுப் பலத்தில் அத்தையின் வேர் மனிதர்களை எரித்துத் தள்ளினேன். ஆட்டம் மறுபடி ஓடியது, அரைமணியில் முடிந்தது, தோற்றவர் இன்னொரு ஆட்டம் கேட்டார். அத்தை புதுக் கருப்புச் சீட்டுகளை ஒருநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். விதைப்பெட்டிக்காரியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழம மட்டும் இத எடுக்காதீங்க" என்று சொல்லிப் பச்சைக் கட்டைக் கையில் எடுத்தார்கள். அந்தமட்டுக்கும் போதும் என்று நாங்கள் பிறகு வெள்ளிக்கிழமை ஆடியதில்லை.

சென்னைக்குக் கொழுந்தனும் அவளும் போனார்கள். அன்று மூன்று மணிக்கு எனக்கு போன் வந்தது. தறிச் சத்தத்தில் கேட்காமல் தெருவுக்கு ஓடினேன். ஆட்டம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். எடுத்துக்கொள்கிறார்களாம். ஒரே ஒரு மாற்றம் மட்டும் வேண்டுமாம்: கருப்பை ஊதாவாக மாற்றிவிட வேண்டும். நம் ஊர்க் குடும்பங்கள் கருப்பு என்றால் வாங்கத் தயங்கும், விதிகள் அப்படியே இருக்கட்டும், நிறம் மட்டும்தானே என்றார்களாம். 'நிறம் மட்டும்தானே' என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அவர்கள் சொன்னது தப்பு என்று எனக்குச் சொல்ல வாயில்லை, அதே காரியத்தை நான் செய்தவள். ஆனாலும் நடுத்தெருவில் நின்று, "மாத்தாதட்டி! வேலையே போனாலும் சரி, மாத்தாத!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். போனில் அவள் சிரித்தாள். "மாட்டேன்னு சொல்லிட்டு வெளிய வந்துதான்க்கா ஒங்களுக்குப் போன் பண்ணுதேன்" என்றாள்.

அந்தக் கம்பெனி போனது போனதுதான். ஒன்றரை வருடம் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எங்கள் தறிக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டே தன் ஆட்டத்தையும் விடாமல் செதுக்கிக்கொண்டிருந்தாள். கொள்கைக்காக இழந்தேன் என்று ஒருநாள் ஒருபொழுது பேசியதில்லை. பிறகு சென்னையிலேயே நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் குழு அதை அச்சடிக்க முன்வந்தது, ஐந்து நிறத்தோடும். இப்போது அவளும் அந்தக் குழுவில் ஒருத்தி. கொழுந்தன் அங்கேயே எங்கள் சேலைகளுக்குக் கடை பிடித்துவிட்டார். எத்தனை பெட்டி விற்றது என்று எனக்குத் தெரியாது, கேட்டால் சிரிப்பாள். ஆனால் முன்பின் தெரியாத பிள்ளைகள் உட்கார்ந்து கரிசல்காரியை இறக்குகிற வீடியோவை எனக்கு அனுப்புவாள். நான் அதைத் தறிக்காரர்கள் எல்லோருக்கும் காட்டுவேன். அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். சின்னவளுக்கும் கொழுந்தனுக்கும் குழந்தை இல்லை. அதைக் கேட்பதை நான் நிறுத்தி வெகுநாளாகிறது, நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சின்னவளும் கொழுந்தனும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். தறிகளுக்கு விடுமுறை, வீடு அமைதியாக இருந்தது. சாப்பிட்டுக் கைகழுவியதும், "இன்னைக்கு வெள்ளி இல்லல்லா" என்று அத்தையே காலண்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அத்தைக்கு வழக்கம்போலப் பச்சை, சின்னவளுக்கு நீலம். நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கருப்பை எடுத்தேன். இத்தனை வருடமும் அதைத் தொட எனக்குக் கூச்சமாக இருந்தது. பொறுமையும் இல்லாமல், அடிக்கவும் தெரியாமல், தட்டுத்தடுமாறித்தான் ஆடினேன். ஏழாவது சுற்றில் கரிசல்காரி கைக்கு வந்தாள். இறக்கினேன். என் உயிரில் மூன்றைக் கொடுத்துவிட்டுப் போன கட்டைக் கையில் எடுத்தேன். விதிப்படி அதை எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். புரட்டினேன்.

சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, "இருந்திருந்தா இந்த வருசம் ஒண்ணாங் கிளாசு போயிருக்கும்லாக்கா" என்றாள்.

"ஆமாட்டி. போயிருக்கும்" என்றேன்.

அத்தை கையிலிருந்த சீட்டுகளை விசிறி மாதிரி விரித்தார்கள், மூடினார்கள். தலையை நிமிர்த்தவில்லை. "பொம்பளப் பிள்ளையாப் பொறந்தா வைக்கணும்னு ஒரு பேரு பாத்து வச்சிருந்தேன்" என்றார்கள்.

இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் அது தெரியாது. சின்னவள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன பேரு அத்த?"

அத்தை சொன்னார்கள். சின்னவள் அந்தப் பெயரைச் சத்தமாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.